ரெய்டில் மரியாதை: தலைவரும் ஆடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய சர்வரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை ஆடுகிறேன். அங்கே இரவு எட்டு மணிக்கு ரெய்டு, அதாவது கூட்டாகச் சேர்ந்து ஆடும் ஆட்டம், என்றால் எனக்கு இங்கே பதினொன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்ததும் அது பன்னிரண்டரை ஆகிவிடும். மூன்று மணி நேரம் ஆடி எழுந்தால் அதிகாலை மூன்றரை. வீட்டில் எல்லோரும் தூங்குவதால் மைக்கில் கிசுகிசுத்துத்தான் பேச முடியும். இப்படிக் கண் விழித்து உட்கார்ந்தவனிடம், நான்காவது தடவை தோற்றதும், “இருபது பேரில் உனக்கு மட்டும் கண் தெரியாதா?” என்று தலைவர் கத்தினார். அது என் பழைய கில்ட் (சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு), பெயர் வேண்டாம். அன்று முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அதே இரவில் யாரிடமும் சொல்லாமல் டீ போடப் போய்ப் பத்தொன்பது பேரைக் காக்க வைத்தவனும் நான்தான்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் எங்களைத் தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களாக நினைத்தார். நான் அவரைக் காசு வாங்கிக்கொண்டு ரெய்டு நடத்துகிறவராக நினைத்தேன். அங்கே யாரும் யாருக்கும் பைசா கொடுக்கவில்லை. தலைவர் உட்பட எல்லோரும் கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டிவிட்டு, பகல் வேலை முடித்துவிட்டு வந்தவர்கள். இது மறந்துபோகிற இடத்தில்தான் பெரும்பாலான மனக்கசப்பு ஆரம்பிக்கிறது.

ரெய்டு பழக்கமில்லாதவர்களுக்கு: ஒரு பெரிய எதிரியை, அதாவது பாஸை, ஒரு கூட்டமாகச் சேர்ந்து வீழ்த்துவதுதான் ரெய்டு. டெஸ்டினி 2-இல் ஆறு பேர், ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் வழக்கமாக எட்டுப் பேர். வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். இப்போது அதன் கடினமான மித்திக் நிலைக்குச் சரியாக இருபது. அடி வாங்குகிற டேங்க், உயிர் காக்கிற ஹீலர், அடிக்கிற டிபிஎஸ் என்று ஆளுக்கொரு வேலை. ஒருவர் தப்பான இடத்தில் நின்றால் மொத்தக் கூட்டமும் செத்துவிடும். அதற்குப் பெயர் வைப். செத்தவர்கள் எழுந்து, திரும்ப ஓடி வந்து, சாப்பாடு மருந்து போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி என்று சொல்லலாம், ஆனால் தேரில் ஒருவர் கையை விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே இருபது பேரும் பார்ப்பார்கள்.

வார்கிராஃப்டை நடத்தும் பிளிஸார்ட் கம்பெனி 2022-இல் அதற்குள் நுழைகிறவர்களிடம் நடத்தை ஒப்பந்தம் ஒன்றுக்குச் சம்மதம் வாங்க ஆரம்பித்தது. வசவு, மிரட்டல், தொல்லை எல்லாம் அதில் அடங்கிவிடும். நான் சொல்லப்போவது எந்த விதியிலும் சிக்காத சில்லறை விஷயங்களை.

பெயர் சொல்லித் திட்டுவது

வைப் ஆன அடுத்த ஐந்து விநாடிதான் ஒரு தலைவருக்குச் சோதனையான நேரம். செத்தவர் யாரென்று திரையில் தெரிகிறது. வாயில் பெயர் வந்து நிற்கிறது. அந்தப் பெயரை, எல்லோரும் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் இருபது பேர் காதில் விழச் சொல்வதால் என்ன கிடைக்கும்? தப்பு செய்தவருக்குத் தான் செய்தது முன்பே தெரியும். திட்டு வாங்கியவர் அடுத்த தடவை பாஸைப் பார்க்க மாட்டார், தன் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அடி குறையும், வேறொன்று சொதப்பும். இன்னொரு விளைவும் உண்டு: அடுத்த முறை தப்பு செய்கிறவர் “லேக் ஆச்சு”, அதாவது நெட் தாமதம், என்று பொய் சொல்லுவார். உண்மையான காரணம் வெளியே வராத கூட்டத்தில் எந்த பாஸும் சாகாது.

2017-இல் மெத்தட் என்ற கில்ட் கில்ஜேடன் என்ற பாஸை மித்திக் நிலையில் உலகிலேயே முதலாவதாக வீழ்த்தியது. அதற்கு முன் அவர்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்ட தடவை செத்தார்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் அவர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆடுகிற நம் கூட்டம் நாற்பதாவது தடவை சாவதற்கு யாரும் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆளை விட்டுவிட்டுச் சம்பவத்தைச் சொல்லலாம். “இரண்டாம் கட்டத்தில் தீ வட்டம் நடுவில் விழுந்தது, அது சுவரோரம் போக வேண்டும்” என்றால் போதும், சம்பந்தப்பட்டவருக்குப் புரியும். ஒரே ஆள் மூன்று தடவை அதையே செய்தால் தனியாக விஸ்பர், அதாவது அவருக்கு மட்டும் தெரியும் செய்தி, அனுப்பலாம். யார் எந்த விநாடியில் எதனால் செத்தார் என்பது வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் வரிவரியாக இருக்கும்; மறுநாள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

யார் எவ்வளவு அடித்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரைத் தூக்கிச் சாட்டில் ஒட்டுவதும் இதே ரகம். பட்டியலின் கடைசியில் இருப்பவர் பாதிச் சண்டை முழுக்கத் தீ வட்டத்தைச் சுமந்துகொண்டு ஓடியவராக இருக்கலாம். மீட்டருக்கு அது தெரியாது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை: வெளி மென்பொருள் வைத்து டேமேஜ் கணக்கிடுவது விதிப்படி தடை. அந்த எண்ணைச் சொல்லி இன்னொருவரைக் குத்திக்காட்டினால் புகார் போய்க் கணக்கு முடங்கவும் வாய்ப்புண்டு. வார்கிராஃப்ட்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

“புரிஞ்சுதா?” “புரிஞ்சுது”

இதில் தவறு இரண்டு பக்கமும் சரிபாதி. தலைவர் பத்து நிமிடம் பாஸைப் பற்றி விளக்குவார். கடைசியில் கேள்வி இருக்கிறதா என்பார். மயான அமைதி. உடனே எல்லோரும் தயாரா என்று திரையில் கேட்கும் ரெடி செக் போடுவார், இருபதும் பச்சை. முப்பதாவது விநாடியில் ஏழு பேர் பிணம்.

நம் பள்ளிக்கூடப் பழக்கம் இதில் நன்றாகவே வேலை செய்கிறது. வகுப்பில் எழுந்து “புரியலை சார்” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாம். ஐரோப்பியர்கள் நடுவில் உடைந்த ஆங்கிலத்தில் கேட்பதற்குக் கூச்சம் வேறு. தலையாட்டிவிட்டுப் பிறகு பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஓடுவோம். அவரும் அதே மாதிரி தலையாட்டியவராக இருப்பார். ரெடி செக்கில் பச்சை அழுத்துவது ஒரு வாக்கு. புரியாமலோ, மருந்து போடாமலோ, ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டோ அழுத்தினால் மற்ற பத்தொன்பது பேரின் பத்து நிமிடம் போகும். சிவப்பு அழுத்தி “ஒரு நிமிடம்” என்று சொன்னதற்காக யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

தலைவர் பக்கம் செய்ய வேண்டியது, பத்து நிமிடத்தை இரண்டாகக் குறைப்பது. முதல் தடவைக்கு மூன்று விஷயம் போதும், மீதியை செத்துச் செத்துக் கற்றுக்கொள்ளலாம். “கேள்வி உண்டா?” என்று பொதுவில் கேட்பதைவிட “இடது பக்கக் குழு, தீ வந்தால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டால் பதில் வரும்.

இரண்டு தலைவர்கள்

ரெய்டில் நன்றாக ஆடுகிற ஒருவர் இருப்பார். தலைவர் ஒன்று சொல்லும்போதே “இல்லை இல்லை, வலது பக்கம்” என்பார். அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் பாதிப் பேர் இடதும் பாதிப் பேர் வலதுமாக ஓடினால் சரியான யோசனையும் சாகடிக்கும். தப்பான திட்டத்தில் இருபது பேரும் சேர்ந்து போவது, சரியான திட்டத்தில் பத்துப் பேர் மட்டும் போவதைவிடப் பிழைக்க வழி அதிகம். யோசனை இருந்தால் சண்டை முடிந்தபின் சொல்லலாம், அல்லது விஸ்பரில். தலைவரும் அதைக் காதில் வாங்கி, பலித்தால் இன்னார் சொன்ன யோசனை என்று பொதுவில் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லாததால் நல்ல ஆட்டக்காரர்களை இழந்த கில்ட்களைப் பார்த்திருக்கிறேன்.

மைக் விஷயம் சின்னது. பட்டனை அழுத்தினால் மட்டும் பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிச் சத்தம் உங்களுக்குப் பழகியிருக்கும், பின்லாந்தில் இருப்பவருக்கு அது ஹெலிகாப்டர்.

லூட்

இனி பெரிய சண்டைக்கு வருவோம். பாஸ் செத்ததும் விழுகிற பொருள்கள் யாருக்கு?

இந்தத் தகராறு ரெய்டு பிறந்த நாளிலேயே பிறந்தது. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டில் நாகஃபென், வாக்ஸ் என்று இரண்டு டிராகன்கள். கொல்லப் பெரிய கூட்டம் வேண்டும், விழுகிற பொருளோ சொற்பம். ஆடுபவர்களே கணக்கு நோட்டுப் போட்டார்கள்: ரெய்டுக்கு வந்தால் புள்ளி ஏறும், பொருள் எடுத்தால் புள்ளி கழியும். டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமாக டிகேபி. கிட்டத்தட்ட நம் ஊர்ச் சீட்டுக் கணக்குதான். அதன் பிறகு நாலைந்து பேர் கூடி முடிவு செய்யும் லூட் கவுன்சில், முன்கூட்டியே ஒரு பொருளுக்குப் பெயர் கொடுத்துவைக்கும் முறை என்று எத்தனையோ வந்தன. வார்கிராஃப்டில் தலைவர் கையால் பங்கிடும் மாஸ்டர் லூட்டை 2018-இல் எடுத்தே விட்டார்கள். 2022-இல் டிராகன்ஃப்ளைட் வந்தபோது ரெய்டில் எல்லோரும் பகடை மாதிரி எண் உருட்டிப் பார்க்கும் முறை திரும்பியது.

எந்த முறையும் நியாயமாக நடத்தலாம், எந்த முறையிலும் ஏமாற்றலாம். தலைவர்கள் செய்கிற உண்மையான தவறு, பொருள் விழுந்த பிறகு விதியைச் சொல்வது. முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து ஆடுகிற ரெய்டில் இது சர்வ சாதாரணம். மூன்று மணி நேரம் ஆடியபின், கடைசி பாஸில் அந்த வாள் விழுந்ததும், “அது எனக்கு ரிசர்வ்” என்பார்கள். ரிசர்வ் செய்வதில் தப்பில்லை, கூட்டம் சேர்த்தவருக்கு அவ்வளவு உரிமை உண்டு. ஆனால் ஆள் சேர்க்கும்போதே அதை எழுதியிருக்க வேண்டும். பிடிக்காதவர் வராமல் இருந்திருப்பார். கவுன்சில் வைத்திருக்கிற கில்டில், கவுன்சிலில் இருப்பவர்களுக்கே முதலில் போகிறது என்ற சந்தேகம் வந்தால் அதை வாய்ப்பேச்சால் போக்க முடியாது. யாருக்கு என்ன போனது என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பட்டியல் வைப்பதுதான் வழி.

ஆடுபவர்கள் பக்கமும் சுத்தம் இல்லை. கிடைத்த பொருளை இரண்டு மணி நேரத்துக்குள், உடன் இருந்த தகுதியான இன்னொருவருக்கு மாற்றித் தர முடியும் என்பதால், பாஸ் விழுந்ததும் விஸ்பர் மழை ஆரம்பிக்கும்: “உனக்கு அது வேண்டுமா?” “நிஜமாகவே வேண்டுமா?” ஒரு தடவை கேட்பது சரி. இல்லை என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர வேண்டும். தனக்கு வேண்டியது இரண்டாவது பாஸிலேயே கிடைத்துவிட்டால் திடீரென்று “நெட் போச்சு” என்று மறைகிறவர்கள் இன்னொரு வகை. பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டுப் பரிமாற ஆள் கேட்கும்போது காணாமல் போகிறவரை நம் ஊரில் என்ன சொல்வார்களோ, அங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள்.

உட்கார வைப்பது, கிளம்ப விடாதது

மித்திக்கில் இருபது பேருக்குத்தான் இடம் என்பதால் கில்ட்கள் இரண்டு மூன்று பேரைக் கூடுதலாக வைத்திருப்பது வழக்கம். யாரோ சிலர் வெளியே உட்கார வேண்டும். அழைப்பு வராமலேயே ஒருவர் அரைமணி நேரம் காத்திருந்து, ரெய்டு தொடங்கிவிட்டதைத் தானே கண்டுபிடிக்கிறார் என்றால் அது அவமானம். அதுவும் அந்த நேரம் அவருக்கு நள்ளிரவு ஒரு மணியாக இருந்தால்? மாலையிலேயே “இன்று இரண்டு ஹீலர் அதிகம், நீ நாளை உள்ளே” என்று ஒரு வரி போட்டால் அவர் தூங்கப் போவார். வர முடியாத நாளை முன்கூட்டிச் சொல்லாத உறுப்பினருக்கும் இதே கணக்குத்தான். ஒருவர் ஐந்து நிமிடம் தாமதித்தால் மற்ற பத்தொன்பது பேருக்கும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து நிமிடம் வீண்.

தலைவர்களின் பிரியமான பொய் “கடைசி ஒரு புல்” (புல் என்றால் பாஸுடன் ஒரு தடவை மோதுவது). பாஸுக்கு மூன்று சதவீத உயிர் மிச்சம், எல்லோர் ரத்தமும் சூடு, சரி இன்னொன்று. அந்த ஒரு புல் நான்கு புல்லாகும். வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர் இருபது பேர் நடுவில் சொல்ல மாட்டார். இப்போதிருக்கிற கில்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம்: முடிவு நேரம் தாண்டினால் ஒரு ஆள் சாட்டில் ‘இல்லை’ என்று தட்டினாலும் அத்துடன் முடிந்தது, யாரும் காரணம் கேட்பதில்லை.

ஜப்பானிய சர்வர்களில் ஃபைனல் ஃபேன்டஸி ஆடியவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைந்ததும் “யோரோஷிக்கு” (தயவுசெய்து ஒத்துழையுங்கள்), வெளியேறும்போது “ஒட்சுகரேசாமா” (உழைப்புக்கு நன்றி) என்று எல்லோரும் தட்டுவார்கள். முடிந்தபின் கூட ஆடியவர்களில் ஒருவரைப் பாராட்டிக் குறி போடவும் அந்த விளையாட்டில் வசதி உண்டு. சடங்கு மாதிரித்தான். ஆனால் வைப்புக்குப் பிறகு கத்துவதற்கு அந்தச் சடங்கு ஒரு தடையாக இருப்பதை ஆடும்போது உணர்ந்திருக்கிறேன்.

விலகும்போது

கோபத்தில் நள்ளிரவில் கில்டை விட்டு வெளியேறும் பட்டனைத் தட்டுகிறவர்களே அதிகம். முதலில் சொன்ன கில்டிலிருந்து நான் அப்படித்தான் வந்தேன், டிஸ்கார்டில் ஒரு வரிகூட எழுதாமல். அடுத்த வாரம் அவர்கள் பத்தொன்பது பேரோடு நின்றார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கத்தியது ஒருவர், தண்டனை மற்ற பதினெட்டுப் பேருக்கும்.

இப்போதைய கில்டில் ஒரு ஹீலர் குழந்தை பிறக்கப்போகிறது என்று விலகினார். ஒரு மாதம் முன்பே சொன்னார். தன் வேலையை யார் எந்த விநாடியில் செய்ய வேண்டும் என்று பாஸ் வாரியாக எழுதிக் கொடுத்தார். தலைவர் கடைசி நாளன்று அவருக்காகப் பழைய ரெய்டு ஒன்றுக்கு எல்லோரையும் கூட்டிப்போனார், அங்கே பாஸிடமிருந்து விழக்கூடிய, அவர் வெகுநாள் தேடிய சவாரிக் குதிரைக்காக. குதிரை விழவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஹீலர் ஒருவர் குறைந்தபோது, சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று செய்தி போட்டார்கள். “பாப்பா தூங்கிவிட்டாள், இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதற்கு மேல் எழுந்தால் போய்விடுவேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.