சோதனை, தனியறை, தடுப்பூசி: ஒரு லேப் டெக்னீஷியன் அம்மா எழுதுவது

கோவிட் ஆண்டுகளில் பகலெல்லாம் ஆர்டி-பிசிஆர் இயந்திரத்தின் முன்னால் எனக்கு வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவள் அப்போது பதின்வயதைத் தொட்டிருந்தாள், சின்னவன் ஆரம்பப் பள்ளி. ரிப்போர்ட் கொடுக்கும் இடத்திலும் இருந்தேன், ரிப்போர்ட்டுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் இடத்திலும் இருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்றது, 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்தது என்றது. வைரஸ் அந்தத் தேதியைப் பார்த்துக் கிளம்பிவிடவில்லை. இப்போதும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இருமிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. பெற்றோர் மனதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பிள்ளைக்குத் தொற்று இருக்கிறதா? இப்போது மற்றவர்களுக்குப் பரப்பக்கூடிய நிலையில் இருக்கிறதா? பள்ளிக்கூடம் உள்ளே விடுமா? இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். எந்தச் சோதனையும் மூன்றுக்கும் சேர்த்துப் பதில் தராது. மூன்றாவது கேள்விக்கு மருத்துவத்தில் பதிலே கிடையாது, அது பள்ளியின் விதி.

எந்தச் சோதனையிடம் எதைக் கேட்பது

பிசிஆர் சோதனை வைரஸின் மரபுப்பொருளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் துளியளவு இருந்தாலும் பிடித்துவிடும். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் செத்துப்போன வைரஸின் துண்டுதுணுக்குகளையும் அது பிடிக்கும். குணமான பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். "காய்ச்சல் விட்டுவிட்டது, ஓடி விளையாடுகிறான், ஆனால் பிசிஆர் இன்னும் பாசிட்டிவ்" என்று அழாத குறையாக எங்கள் கவுன்டருக்கு வந்தவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் பிசிஆரிடம் "இன்னும் பரப்புமா" என்ற கேள்வியையே கேட்டிருக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் சிடி என்று ஓர் எண் (எத்தனையாவது சுற்றில் வைரஸ் தெரிந்தது என்ற கணக்கு) இருந்தால் அதை அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். குச்சியை எப்படி விட்டார்கள், எந்தக் கிட், நோயின் எந்த நாள் என்பதைப் பொறுத்து அது மாறும். பிள்ளையின் நோய் கடுமையா லேசா என்பதை அந்த எண் சொல்லாது.

வீட்டில் செய்யும் ஆன்டிஜென் கிட் வேறு ரகம். அது பெருக்குவதில்லை, வைரஸின் புரதத்தை நேரடியாகத் தேடுகிறது. மூக்கில் வைரஸ் நிறைய இருந்தால்தான் கோடு விழும். அறிகுறி உள்ள பிள்ளைக்குப் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால், "இந்த நேரத்தில் கோடு போடும் அளவுக்கு இல்லை" என்று மட்டும் பொருள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் சொன்னதே இதற்கு நல்ல கணக்கு: அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை, இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மூன்று. காலையில் நெகட்டிவ் பார்த்துவிட்டு மத்தியானமே தாத்தா பாட்டி வீட்டில் பிள்ளையை விட்டுவருவதுதான் நான் பார்த்தவற்றிலேயே ஆபத்தான வழக்கம்.

கிட் செய்யும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல தவறான முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. காலாவதித் தேதியைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்தோ வெயிலில் நின்ற காரிலிருந்தோ எடுத்த கிட்டை உடனே பிரிக்காமல் அறை வெப்பநிலைக்கு வர விடுங்கள். பிள்ளையை மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள், கை கழுவுங்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் ஒரு பெரியவர் மடியில் உட்காரவைத்து, தலையின் பின்பக்கம் அவர் மார்பில் சாய்ந்திருக்கும்படி பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் குச்சியை விடட்டும். மூளை வரை விட வேண்டியதில்லை. வீட்டு கிட்டுக்கு மூக்குத் துவாரத்தின் முன்பகுதி போதும், குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குள். ஓரச் சுவரில் அழுத்திச் சில சுற்று சுற்றுங்கள், அதே குச்சியால் மறுபக்கமும். தொட்டும் தொடாமலும் எடுத்த மாதிரியில் எந்த நல்ல கிட்டும் ஏமாந்துபோகும். மூக்கில் சமீபத்தில் ரத்தம் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

சொட்டுகளை எண்ணி விடுங்கள், போனில் டைமர் வையுங்கள். 15 நிமிடம் என்று போட்டிருந்தால் 15 நிமிடம்தான். மறந்துபோய் ராத்திரி எடுத்துப் பார்த்தால் தெரியும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை. சரியான நேரத்துக்குள் டி (T, சோதனைக் கோடு) இடத்தில் விழுந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். லைட்டுக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "இது கோடே இல்லை" என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டாம். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி (C) கோடு விழவில்லை என்றால் அந்தக் கிட் குப்பைக்கு. அந்தக் குழாயில் இருக்கும் திரவத்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். சில கிட்டுகளில் சோடியம் அசைடு என்ற நச்சுப்பொருள் சிறிதளவு உண்டு.

பதின்வயதுப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: புளிப்பான பழச்சாற்றையோ குளிர்பானத்தையோ அட்டையில் விட்டால் பொய்யான பாசிட்டிவ் கோடு விழும். தேர்வு நாளன்று காலையில் பாசிட்டிவ் வந்தால் நீங்களே பக்கத்தில் நின்று இன்னொரு தடவை செய்யுங்கள். என் மகள் இதை எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தாள்.

வீட்டுக்குள் நாட்களை எண்ணுவது

பள்ளி சொல்லும் நாட்கணக்கு 14, 10, 7, 5 என்று மாறிக்கொண்டே இருந்தது. 2021 டிசம்பர் 27 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பத்து நாளை ஐந்தாக்கி, அடுத்த ஐந்து நாள் மாஸ்க் என்றது. ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விதி. வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், அங்கே போன மாதத்து விதியைத்தான் சொல்வார்கள். பள்ளி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த நாளிலிருந்து எண்ணுவது, திரும்பி வரச் சோதனை தேவையா, தேவையென்றால் ஆன்டிஜென் போதுமா, உடன்பிறந்த பிள்ளை வரலாமா, இருமல் மட்டும் மிச்சமிருந்தால் என்ன செய்வது. பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய நாளைப் பூஜ்ஜியமாக வைத்து அடுத்த நாளை ஒன்று என்பார்கள். அறிகுறியே இல்லை என்றால் மாதிரி எடுத்த நாள் பூஜ்ஜியம். திரும்பச் சேர பிசிஆர் நெகட்டிவ் கேட்கும் பள்ளி இருந்தால், குணமான பின்னும் அது பாசிட்டிவ் காட்டும் என்பதை மருத்துவரின் கடிதத்தோடு சொல்லிப் பாருங்கள்.

இரண்டு பிள்ளை வீடுகளில் வரும் சிக்கல் வேறு. நோயுள்ள பிள்ளை நோய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும். கூட இருந்த பிள்ளை, கடைசியாகக் கூட இருந்த நாளிலிருந்து எண்ணும். ஒரே வீட்டில் பிரித்து வைக்க முடியாதபோது கூட இருப்பது முடிவதே இல்லை. அதனால்தான் அண்ணன் பள்ளிக்குப் போன பிறகும் நோயே வராத தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு முன்னாலேயே காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள். தண்டனை மாதிரித் தெரிவது கொஞ்சம் குறையும்.

சின்னக் குழந்தையைத் தனியறையில் அடைப்பது நடக்காத காரியம். யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெரியவரை முடிவு செய்யுங்கள். அவரே உடன் இருக்கட்டும், மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் வயதானவரோ நீண்டகால நோயுள்ளவரோ இருந்தால் அவர்தான் தனியறைக்குப் போக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் வேண்டவே வேண்டாம்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடைக்கு ஏற்றபடி: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. சிரப் பாட்டில்கள் வெவ்வேறு வீரியத்தில் வரும், லேபிளைப் படிக்காமல் மூடியால் அளக்காதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருந்து யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது ரே நோய்க்குறி என்ற மோசமான பாதிப்பைக் கொண்டுவரலாம். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கும்படி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ யோசிக்க ஒன்றுமில்லை, மருத்துவமனைதான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பெரியவர்களுக்கானது. சின்ன விரலில் அது காட்டும் எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

குணமாகி இரண்டு முதல் ஆறு வாரத்தில் மறுபடியும் விடாத காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுவலி என்று வந்தால் "புதுசா ஏதோ" என்று விடாதீர்கள். எம்ஐஎஸ்-சி என்ற அரிதான அழற்சி அப்படித்தான் வரும். முன்பு கோவிட் வந்தது என்பதை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாடம்? உடம்பு சரியில்லாத பிள்ளை பாடம் படிக்காது. விடுங்கள்.

பாடத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் சின்னவனுக்குப் பிறகு என் மாமியாருக்கும் வந்தது. கதவுக்கு வெளியே நின்று, "பாட்டிக்கு நான்தான் கொடுத்தேனாம்மா?" என்று கேட்டான். இந்தக் கேள்வி வரும், எல்லா வீட்டிலும் வரும், சில பிள்ளைகள் வாய் திறந்து கேட்காது. வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: மூச்சு விடுவது யார் தப்பும் இல்லை, யாரிடமிருந்து யாருக்கு என்று கண்டுபிடிக்கவும் முடியாது. பெரியவர்கள் பிள்ளை காதுபட "இவன் பள்ளியிலிருந்து கொண்டுவந்தான்" என்று போனில் சொல்வதை நிறுத்த வேண்டும். மாமியாரிடமே பேசச் சொன்னேன். "எனக்குத் துணைக்குக் காய்ச்சல் அனுப்பிருக்கியாடா" என்று அவர் சிரித்தது அவனுக்குப் போதுமாக இருந்தது.

தடுப்பூசி: வீட்டுக்குள் இரண்டு கட்சி

என் கணவர் தயங்கினார், நான் தயாராக இருந்தேன். லேப்பில் வேலை செய்பவள் என்பதால் என் பேச்சுக்கு எடை கூடும் என்று நினைத்தேன். கூடவில்லை. கடைசியில் உதவியது ஒரு தாள். அவருடைய கேள்விகளை அவர் எழுதினார், என்னுடையதை நான் எழுதினேன், இரண்டையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போனோம்.

என் கணவரின் கேள்விகள் வெறும் வதந்தி அல்ல. ஃபைசர் ஊசிக்கு அமெரிக்காவில் 12 முதல் 15 வயதுக்கு அனுமதி கிடைத்தது 2021 மே 10 அன்று. 5 முதல் 11 வயதுக்கு அதே ஆண்டு அக்டோபர் 29. சிறுவர்களுக்கு 10 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கான 30-இல் மூன்றில் ஒன்று. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிக்குப் பின் இதயத் தசை அழற்சி அரிதாக வருவது தெரியவந்தது, அதுவும் பதின்வயது ஆண்களுக்கும் இளைஞர்களுக்கும், பெரும்பாலும் இரண்டாவது ஊசிக்குச் சில நாட்களுக்குள். பெரும்பாலோர் தேறினர். அந்த அக்டோபரில் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவை இளையவர்களுக்கு மாடர்னாவை நிறுத்தின அல்லது குறைத்தன. பிரிட்டனில் நிபுணர் குழு ஆரோக்கியமான 12-15 வயதினர் எல்லோருக்கும் என்று பரிந்துரைக்கத் தயங்க, தலைமை மருத்துவ அதிகாரிகள் ஓர் ஊசி கொடுக்கலாம் என்றார்கள். "அவங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலையே" என்றார் என் கணவர். உண்மைதான். ஆரோக்கியமான பிள்ளைக்கு நோயின் ஆபத்தும் குறைவு, ஊசியின் ஆபத்தும் குறைவு. இரண்டு சின்ன எண்களை ஒப்பிடும்போது நாடுகள் வேறு வேறு முடிவுக்கு வரும்.

எனவே "ஊசி நல்லதா கெட்டதா" என்று மருத்துவரிடம் கேட்காதீர்கள். இந்தப் பிள்ளைக்கு, இந்த வயதில், இப்போது என்று கேளுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இதயக் கோளாறு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது உண்டா? வீட்டில் யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை நடக்கிறதா? ஏற்கெனவே தொற்று வந்துபோனதா? இரண்டு ஊசிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? எட்டு வாரமாகக் கூட்டினால் இதய அழற்சி ஆபத்து குறையும் என்று சில நாடுகள் அப்படியே செய்தன. அந்தப் பதில்தான் என் கணவரை ஒத்துக்கொள்ள வைத்தது.

அந்த விடை எக்காலத்துக்கும் பொருந்தாது. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிக் குழு, ஆரோக்கியமான குழந்தைகளையும் பதின்வயதினரையும் கோவிட் ஊசிக்குக் குறைந்த முன்னுரிமைப் பட்டியலில் வைத்தது. அதற்குள் பெரும்பாலோருக்குத் தொற்றோ ஊசியோ இரண்டுமோ வந்துவிட்டிருந்தன. அதே குழு, தட்டம்மை போன்ற வழக்கமான ஊசிகளின் பலன் குழந்தைகளுக்கு இதைவிட மிக அதிகம் என்றும் சொன்னது. கோவிட் ஊசி பற்றிய சந்தேகத்தைத் தட்டம்மை ஊசிக்கும் நீட்டிக்கும் பெற்றோரைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பொறுமை போய்விடும். ஊரடங்கில் தவறிய ஊசிகள் இருந்தால் இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

ஊசி போடும் நாளில் "வலிக்காது" என்று சொல்லாதீர்கள், அடுத்த முறை உங்களை நம்பாது. "ஒரு நொடி சுருக்குனு இருக்கும், அப்புறம் கை வலிக்கும்" என்றால் போதும். ஊசிப் பயம் அதிகமென்றால் மரத்துப்போகச் செய்யும் கிரீம் பற்றி முன்கூட்டியே கேளுங்கள், அதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். சின்னவர்களைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி வையுங்கள். பதின்வயதினர் மயங்கி விழுவது சகஜம், எனவே முன்பு மயங்கிய பிள்ளையைப் படுக்கவைத்தே போடச் சொல்லுங்கள். எப்படியும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். முன்கூட்டியே காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டாம், காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தால் போதும். அக்குளில் கட்டி போல் நெறி கட்டலாம், தானாக வடியும். அடுத்த ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு என்று பிள்ளை சொன்னால் அன்றே மருத்துவரிடம் காட்டி, எந்த ஊசி, எந்தத் தேதி என்று சொல்லுங்கள். அதற்காகவே ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றும் தெரியும்படி அட்டையைப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.