எந்த ஆல்பம், எந்தப் பதிப்பு? பெண் பாப் குழுக்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் பெண் பாப் குழுவான ஸ்பைஸ் கேர்ள்ஸின் முதல் ஆல்பமான ‘ஸ்பைஸ்’ எப்போது வந்தது? ஒருவர் 1996 என்பார், இன்னொருவர் அடித்துச் சொல்வார் 1997 என்று. இரண்டு பேரும் ஆதாரம் காட்டுவார்கள். இரண்டு ஆதாரமும் சரியாகவே இருக்கும். பிரிட்டனில் அது கடைக்கு வந்தது 4 நவம்பர் 1996. அமெரிக்காவில் 4 பிப்ரவரி 1997. நடுவே சரியாக மூன்று மாதம்.

பெண் பாப் குழுக்களின் ஆல்பங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் (நானும்தான்) செய்யும் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஆல்பத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒரு பெயருக்குள் நாலைந்து பொருள்கள் இருக்கும். நாட்டுக்கு ஒரு தேதி, பதிப்புக்கு ஒரு பாடல் வரிசை, சில சமயம் பதிப்புக்கு ஒரு குரல்கூட.

முதலில் தேதி. ஒரு நாட்டின் வெளியீட்டுத் தேதியை உலகத்துக்கே தேதியாக எழுதுவதுதான் அதிகம் கண்ணில் படும் பிழை. இன்றைய பழக்கத்தில் யோசிப்பதால் வரும் குழப்பம் இது. இப்போது ஆல்பம் என்றால் வெள்ளிக்கிழமை, உலகம் முழுக்க ஒரே நாள். ஆனால் அந்த ஏற்பாடு 10 ஜூலை 2015 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள்கிழமை, அமெரிக்காவில் செவ்வாய், ஜப்பானில் புதன், ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளி என்று ஆளுக்கொரு நாள் இருந்தது.

இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். பழைய ஆல்பம் ஒன்றின் தேதி கிடைத்தால் நாட்காட்டியில் கிழமையைப் பாருங்கள். ‘ஸ்பைஸ்’ வந்த 4 நவம்பர் 1996 திங்கள்கிழமை, 4 பிப்ரவரி 1997 செவ்வாய்க்கிழமை. இன்னொரு பிரிட்டிஷ் பெண் குழுவான லிட்டில் மிக்ஸின் ‘டிஎன்ஏ’ பிரிட்டனில் வந்த 19 நவம்பர் 2012 திங்கள், அமெரிக்காவில் வந்த 4 ஜூன் 2013 செவ்வாய். கணக்கு அப்படியே பொருந்துகிறது. ‘அமெரிக்க வெளியீடு’ என்று எங்காவது போட்டிருக்கும் 2000-ஆம் ஆண்டுத் தேதி திங்கள்கிழமையாக இருந்தால், யாரோ பிரிட்டன் தேதியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நூற்றுக்கு நூறு நம்ப முடியாது, ஆனாலும் எனக்கு இது பல தடவை கைகொடுத்திருக்கிறது.

‘ஸ்பைஸ்’ ஆல்பத்தின் அந்த மூன்று மாத இடைவெளி தற்செயலாக வந்ததும் அல்ல. குழுவின் ‘வான்னபி’ சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) 1996 ஜூலையில் பிரிட்டனில் வெளியாகி ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் அதே பாட்டை 1997 ஜனவரியில்தான் இறக்கினார்கள். பிப்ரவரியில் அங்கும் முதலிடம், ஆல்பமும் அதே மாதம் கடைக்கு வந்தது. சொந்த ஊரில் ஜெயித்துக் காட்டிவிட்டு அடுத்த கடலைத் தாண்டுவது அன்றைய வழக்கம். இரண்டாவது ஆல்பம் ‘ஸ்பைஸ்வேர்ல்ட்’ 1997 நவம்பரில் வந்தபோது அந்தக் காத்திருப்பு போயே போய்விட்டது. ஆகவே அமெரிக்க ரசிகருக்கு இரண்டு ஆல்பமும் ஒரே ஆண்டில் வந்தவை. பிரிட்டிஷ் ரசிகருக்கு ஓர் ஆண்டு இடைவெளி விட்டு வந்தவை. ‘வருடத்துக்கு ரெண்டு ஆல்பம் போட்ட குழு’ என்று நீங்கள் எழுதினால், எந்த நாட்டில் நின்றுகொண்டு எழுதுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேதியோடு ஒட்டி வரும் இன்னொரு சறுக்கல் ‘நுழைந்த இடம்’, ‘எட்டிய இடம்’ இரண்டையும் ஒன்றாக்குவது. ‘டிஎன்ஏ’ அமெரிக்காவின் வாராந்திர ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200-இல் நேரடியாக 4-ஆம் இடத்தில் நுழைந்தது. ‘ஸ்பைஸ்’ 6-ஆம் இடத்தில்தான் நுழைந்திருந்தது. உடனே ‘ஸ்பைஸ் கேர்ள்ஸை முந்திய லிட்டில் மிக்ஸ்’ என்று தலைப்புகள் வந்தன. நுழைவில் முந்தியது உண்மை. ஆனால் 6-இல் நுழைந்த ‘ஸ்பைஸ்’ பிறகு முதலிடத்துக்கு ஏறி, 1997-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமாகவே முடிந்தது. தலைப்பை மட்டும் மொழிபெயர்த்துப் போட்டால் இந்தப் பாதி கதை விழுந்துவிடும்.

இப்போது எனக்கு நிஜமாகவே கைசுட்ட இடத்துக்கு வருகிறேன். அடாமிக் கிட்டன் குழுவின் ‘ரைட் நவ்’ ஆல்பத்தைப் பழைய சிடியாக இணையத்தில் வாங்கினேன். விற்றவர் போட்டிருந்தது பெயரும் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரியும் மட்டுமே. பிரித்துப் பார்த்தால் அட்டையில் கெர்ரி கடோனா இல்லை, ஜென்னி ஃப்ராஸ்ட் இருக்கிறார். நான் தேடியது 2000 அக்டோபர் பதிப்பு. கைக்கு வந்ததோ 2001 ஆகஸ்ட் மறுவெளியீடு. விற்றவர்மேல் தப்பே இல்லை. பெயர் சரிதானே? கேள்வி கேட்காதது நான்.

நடந்தது இதுதான். லிவர்பூலில் உருவான அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 2000-இல் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2001 தொடக்கத்தில் கெர்ரி விலகினார், அவர் இடத்துக்கு ஜென்னி வந்தார். அந்தச் சமயத்தில் பார்த்து ‘ஹோல் அகெய்ன்’ பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது. பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது, ஆல்பம் அட்டையில் இருப்பவரோ குழுவில் இல்லை. லேபிள் (இசை நிறுவனம்) என்ன செய்யும்? ஜென்னியின் குரலில் சிலவற்றை மறுபதிவு செய்து, ‘எடர்னல் ஃப்ளேம்’ பாடலைச் சேர்த்து, புது அட்டையோடு மறுபடி கடைக்கு அனுப்பியது. அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ‘ரைட் நவ் தோல்விப் படைப்பு’ என்பவரும் ‘ரைட் நவ் நம்பர் ஒன்’ என்பவரும் இரண்டு வெவ்வேறு வட்டுகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பிரிட்டனின் சுகாபேப்ஸ் குழு விஷயத்தில் இது இன்னும் நுணுக்கமானது. ‘டாலர் இன் மோர் வேஸ்’ (Taller in More Ways) ஆல்பம் 2005 அக்டோபரில் வந்தது. டிசம்பரில் மூட்யா புவேனா விலகினார். 2006 பிப்ரவரியில் அதே ஆல்பம் மறுபடி வந்தது, மூட்யாவுக்குப் பதிலாக வந்த அமெல் பெரபாவின் குரலில் ‘ரெட் டிரஸ்’ உள்ளிட்ட சில பாடல்களோடு, ஒரு புதுப் பாடலும் சேர்த்து. கவனியுங்கள், எல்லாப் பாடல்களையும் மாற்றவில்லை. ஆகவே மறுவெளியீட்டு வட்டில் சில பாட்டில் அமெல், சில பாட்டில் மூட்யா. ‘இந்த ஆல்பத்தில் அமெலின் குரல்’ என்று பொதுவாக எழுதினாலும் தவறு, ‘மூட்யாவின் குரல்’ என்றாலும் தவறு. பாட்டுப் பாட்டாகச் சொல்ல வேண்டிய இடம் இது. அப்புறம் 2009-இல் கீஷா பியூகேனனும் போனபின் வந்த ‘ஸ்வீட் 7’ ஆல்பத்தில் குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவர்கூட இல்லை. பெயர்ப்பலகை மட்டும் பழையது.

காணொளியை வைத்துக் குரலைத் தீர்மானிப்பதும் இதே குடும்பத்துத் தவறுதான். அமெரிக்கக் குழுவான டெஸ்டினிஸ் சைல்டின் ‘சே மை நேம்’ காணொளியில் பியான்சே, கெல்லி ரோலண்ட் இருவரோடு மிஷெல் வில்லியம்ஸ், ஃபாரா ஃபிராங்க்ளின் தெரிவார்கள். ஆனால் 1999-இல் வந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டைப் பாடிய நால்வரில் இந்த இருவர் கிடையாது. லடோயா லக்கெட், லடாவியா ராபர்சன் பாடியதற்குத்தான் புதியவர்கள் வாயசைத்தார்கள். காணொளியை நிறுத்தி நிறுத்தி ‘இந்த வரி மிஷெலுடையது’ என்று பட்டியல் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், எவ்வளவு உழைப்பு!

சர்வதேசப் பதிப்பு வேறு மொழியில் வரும்போது அடுத்த பொறி. ரஷ்யாவின் டாட்டு (லேனா, யூலியா என்ற இரு பெண்கள் கொண்ட குழு) 2001-இல் ரஷ்ய மொழியில் முதல் ஆல்பம் வெளியிட்டது. 2002 டிசம்பரில் அதன் ஆங்கில உருவம் ‘200 கேஎம்/எச் இன் தி ராங் லேன்’ என்ற பெயரில் வந்தது. உலகம் அறிந்த ‘ஆல் தி திங்ஸ் ஷி செட்’ இதில்தான் இருக்கிறது. பலரும் ஆங்கில வரிகளைத் தமிழாக்கி ‘ரஷ்யப் பாடலின் பொருள்’ என்று போட்டுவிடுகிறார்கள். ரஷ்ய மூலத்தின் தலைப்பு ‘யா சஷ்லா ஸுமா’. ‘எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது’ என்று பொருள். (காதில் விழும் ‘உமா’வுக்கும் நமக்குத் தெரிந்த உமாக்களுக்கும் சம்பந்தமில்லை, ரஷ்யத்தில் ‘உம்’ என்றால் புத்தி.) ஆங்கிலத் தலைப்போ ‘அவள் சொன்னதெல்லாம்’. மெட்டு ஒன்று, வரிகள் வேறு. ஆங்கில ஆல்பத்தை வெறும் மொழிபெயர்ப்பு என்று எழுதுவதும் பொருந்தாது. பாடல் தேர்வே மாறியிருக்கிறது, ஸ்மித்ஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றைக்கூட அதில் பாடியிருக்கிறார்கள். ஒரே குழு இருமுறை அறிமுகமானது என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஜப்பான் பதிப்பு தனிக்கதை. அங்கு உள்நாட்டில் தயாராகும் சிடியின் சில்லறை விலையை இசை நிறுவனமே நிர்ணயிக்கலாம், கடைக்காரர் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. இறக்குமதி சிடிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் அது மலிவாகக் கிடைக்கும். அப்படியிருக்க, உள்நாட்டுப் பதிப்பை ஏன் வாங்க வேண்டும்? அதற்கான பதில்தான் போனஸ் ட்ராக். மேலை நாட்டு ஆல்பங்களின் ஜப்பான் பதிப்பில் ஒன்றிரண்டு பாட்டு கூடுதலாக இருப்பதன் முக்கியக் காரணம் இதுவே. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து ‘ஆல்பத்தில் 13 பாடல்கள்’ என்று எழுதுவது ஒரு பிழை. அதைவிட மோசம், விமர்சனம் எழுதுகிறவர் ‘முடிவு சப்பென்று போய்விட்டது’ என்று குறைப்படுவது. அவர் கேட்ட கடைசிப் பாட்டு ஜப்பானுக்காக ஒட்டிய ரீமிக்ஸாக இருக்கும். ஆல்பம் அதற்கு இரண்டு பாட்டு முன்னாலேயே முடிந்துவிட்டது.

‘ஸ்டுடியோ ஆல்பம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். கொரியக் குழுக்கள் பெரும்பாலும் சில பாட்டு மட்டுமே கொண்ட மினி ஆல்பங்களாகவே போடும். அவற்றையும் எண்ணி ‘ஐந்தாவது ஸ்டுடியோ ஆல்பம்’ என்று எழுதினால் ரசிகர்கள் பிடித்துக்கொள்வார்கள். 2016-இல் அறிமுகமான பிளாக்பிங்க், முழுநீளக் கொரிய ஆல்பம் என்று சொல்லத்தக்க ‘தி ஆல்பம்’-ஐ 2 அக்டோபர் 2020 அன்றுதான் வெளியிட்டது. அதற்கு முன் 2018-இல் ‘பிளாக்பிங்க் இன் யுவர் ஏரியா’ என்று ஜப்பானிய ஆல்பம் வந்துவிட்டது. எனவே ‘முதல் ஆல்பம்’ என்று எழுதும்போது முன்னால் ‘கொரிய’ என்ற ஒரு சொல் அவசியம். அதை விட்டால் சண்டைதான்.

எண்களில் மயங்காதவர் யாருமில்லை. பிளாட்டினம் என்ற விற்பனைச் சான்றிதழைப் பாருங்கள். ‘ஸ்பைஸ்’ பிரிட்டனில் 10 மடங்கு பிளாட்டினம், அமெரிக்காவில் 7 மடங்கு. அப்படியானால் பிரிட்டனில்தான் அதிகம் விற்றதா? பிரிட்டனில் ஆல்பத்துக்கு ஒரு பிளாட்டினம் என்றால் 3 லட்சம் பிரதிகள், அமெரிக்காவில் 10 லட்சம். ஆக பிரிட்டனில் 30 லட்சம், அமெரிக்காவில் 70 லட்சம். இரண்டு நாட்டுப் பிளாட்டினங்களைக் கூட்டி ‘17 பிளாட்டினம்’ என்று எழுதுவது மீட்டரையும் அடியையும் கூட்டுவது மாதிரி. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலச் சான்றிதழ்கள் பெரும்பாலும் கடைக்கு அனுப்பிய பிரதிகளை வைத்துக் கொடுக்கப்பட்டவை, ரசிகர் கையில் போய்ச் சேர்ந்தவற்றை அல்ல. 2016-இலிருந்து அமெரிக்கச் சான்றிதழில் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்துவிட்டது, 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம் என்று கணக்கு. அன்றைய பிளாட்டினத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்து ‘யார் பெரியவர்’ என்று கேட்பதில் எனக்கு ஆர்வமே போய்விட்டது.

பிளாக்பிங்கின் ‘பார்ன் பிங்க்’ 2022 செப்டம்பரில் பில்போர்டு 200-இல் முதலிடம் பிடித்தது, கொரியப் பெண் குழு ஒன்றுக்கு அதுவே முதல் முறை. அந்த ஆல்பம் சியோல் நேரம் பகல் ஒரு மணிக்கு வெளியானது. ஏன் அந்த விசித்திர நேரம் என்றால், நியூயார்க்கில் அப்போது சரியாக நள்ளிரவு. அமெரிக்கப் பட்டியலின் வாரம் வெள்ளி முதல் வியாழன் வரை. முழு ஏழு நாளும் கணக்கில் விழ வேண்டும் அல்லவா? இதை அறியாமல் ‘கொரியாவில் பகலில் வெளியிட்டார்கள், ஆர்வம் குறைவு போல’ என்று எழுதிய ஒரு குறிப்பைப் படித்திருக்கிறேன்.

பழைய சிடி வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. விற்பவரிடம் முன்அட்டைப் படம் கேட்டால் போதாது, பின்அட்டையும் முதுகுப்பக்கத்தில் உள்ள கேட்டலாக் எண்ணும் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். பாடல் வரிசையும் பதிப்பும் அங்கேதான் இருக்கின்றன. ஜப்பான் பதிப்பென்றால் பக்கவாட்டில் சுற்றிய ‘ஓபி’ காகிதப் பட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஜென்னியின் முகம் போட்ட அந்த ‘ரைட் நவ்’ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்தில் கெர்ரி பதிப்பும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது என்பதை வெளியே சொல்லத்தான் கொஞ்சம் கூச்சம்.