ஒஹாயோவில் வீட்டிலிருந்து வேலை: எங்கே தேடுவது, நகர வரியை எப்படிச் சரிபார்ப்பது

ஒஹாயோவில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தால், சம்பளத்துக்கு அடுத்து கவனிக்க வேண்டியது வீட்டு முகவரி. இந்த மாநிலத்தில் நகரங்களும் தனியே வருமான வரி வாங்குகின்றன. 80,000 டாலர் சம்பளத்துக்கு 2.5% என்றால் ஆண்டுக்கு 2,000 டாலர். வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பணம் கையில் நிற்கும், அல்லது போகும்.

முதலில் வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஆக்ரன் டயரால் வளர்ந்த ஊர், டொலீடோ கண்ணாடியால். யங்ஸ்டவுனில் 1977 செப்டம்பர் 19 அன்று பெரிய எஃகு ஆலை ஒன்றை மூடும் அறிவிப்பு வந்தது. ஏறக்குறைய 5,000 பேர் வேலை இழந்தார்கள். லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2019-இல் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலைகள் இன்றும் பலருக்குச் சோறு போடுகின்றன. மேரிஸ்வில்லில் ஹோண்டா 1982 முதல் கார் செய்கிறது. ஆனால் அந்த வேலையை வீட்டில் செய்ய முடியாது. நீங்கள் தேட வேண்டியது காப்பீடு, வங்கி, மருத்துவம், சில்லறை வணிகம் ஆகியவற்றின் தலைமையகங்களில். கொலம்பஸில் நேஷன்வைடு காப்பீட்டு நிறுவனமும் ஹண்டிங்டன் வங்கியும், பக்கத்து டப்ளினில் கார்டினல் ஹெல்த்தும், கிளீவ்லாண்ட் பக்கம் புரோகிரசிவ், கீபேங்க், கிளீவ்லாண்ட் கிளினிக்கும், சின்சினாட்டியில் குரோகரும் ஃபிஃப்த் தேர்டும் இருக்கின்றன. கிளெய்ம் பரிசீலனை, மருத்துவ பில்லிங், தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள் பராமரிப்பு ஆகியவையே வீட்டிலிருந்து செய்யத் தோதான வேலைகள். நிறுவனங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கங்களோடு மாநில அரசின் ஒஹாயோமீன்ஸ்ஜாப்ஸ் தளத்திலும் தேடுங்கள்.

விளம்பரத்தில் ‘ரிமோட்’ என்று இருப்பதை மட்டும் நம்பி வீடு மாற்ற வேண்டாம். நேஷன்வைடு 2020-இல் பல ஊர் அலுவலகங்களை மூடி அங்கிருந்தவர்களை நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்க வைத்தது. மறுபுறம், கொலம்பஸில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஜேபிமார்கன் சேஸ் வங்கி, 2025 மார்ச்சில் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் என்றது. ஆகவே எந்த முகவரி பணியிடமாகப் பதிவாகிறது, வாரத்துக்கு எத்தனை நாள் அலுவலகம், அந்த ஏற்பாடு மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றையும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நகர வரி

விதி இதுதான். வேலை செய்யும் நகரம் அங்கே ஈட்டிய சம்பளத்துக்கு வரி வாங்கும். குடியிருக்கும் நகரம், எங்கே ஈட்டியதாக இருந்தாலும் மொத்தச் சம்பளத்துக்கும் வரி போட்டு, வேலை நகரத்தில் கட்டியதைக் கழித்துக்கொள்ளும். முழுவதும் கழிக்கும் நகரங்களும் உண்டு, பாதி கழிப்பவையும் உண்டு, துளியும் கழிக்காதவையும் உண்டு. கொலம்பஸ், கிளீவ்லாண்ட், டேட்டன், ஆக்ரனில் 2.5%, சின்சினாட்டியில் 1.8%, டப்ளினில் 2%. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் டவுன்ஷிப் என்ற ஊராட்சிப் பகுதிகளுக்குப் பொதுவாக இந்த வரி இல்லை.

கொரோனா காலத்தில், 2020-இல் வந்த தற்காலிகச் சட்டம், வீட்டிலிருந்து வேலை செய்தாலும் அலுவலக நகரத்துக்கே வரி என்றது. 2022 முதல் அப்படி இல்லை. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த நாள், வீடு இருக்கும் இடத்தின் கணக்கில் சேரும். சம்பளம் போடும் பேரோல் பிரிவுகள் பல இன்னும் பழைய வழக்கத்திலேயே முழுச் சம்பளத்துக்கும் அலுவலக நகர வரியைப் பிடிக்கின்றன. பணம் நழுவுவது இங்கேதான்.

சின்சினாட்டி நிறுவனத்தில் 80,000 டாலர் சம்பளம், வீடு வெஸ்ட் செஸ்டர் டவுன்ஷிப்பில் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் 260 வார நாட்களில் விடுமுறையும் விடுப்பும் 20 போக, வேலை செய்தது 240 நாள். அதில் 144 நாள் வீட்டில், 96 நாள் அலுவலகத்தில். சின்சினாட்டிக்குச் சேர வேண்டியது 40% சம்பளத்துக்கான வரி மட்டும்: 32,000 டாலரில் 1.8%, அதாவது 576 டாலர். முழுச் சம்பளத்துக்கும் 1.8% பிடித்து அது 1,440 என்றால் 864 டாலர் திரும்ப வர வேண்டும்.

இதைக் கேட்டு வாங்க, தினமும் எங்கிருந்து வேலை செய்தீர்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். டிசம்பரில் நினைவிலிருந்து எழுதும் பட்டியல் எடுபடாது. ஆண்டு முடிந்ததும், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவம், நாள் பட்டியல், நிறுவனத்தின் கையெழுத்துள்ள கடிதம் மூன்றையும் சேர்த்து அந்த நகரத்தின் ரீஃபண்ட் படிவத்தோடு அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம், விடுப்பு நாட்களையும் வீட்டு நாளாக எண்ணுவது. அவை இரண்டு பக்கத்திலும் சேராது.

வீடு இன்னொரு நகரத்தில் என்றால் கணக்கு வேறு. கொலம்பஸ் வேலை, டப்ளினில் வீடு: வீட்டு நாட்களுக்குக் கொலம்பஸிடம் 2.5% திரும்பக் கிடைக்கும், அதே நாட்களுக்கு டப்ளினுக்கு 2% கட்ட வேண்டும். மிஞ்சுவது 0.5% மட்டுமே. ரீஃபண்டை வாங்கிச் செலவழித்துவிட்டு டப்ளினை மறந்தால் பின்னால் அபராதத்தோடு கடிதம் வரும்.

நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்து, நகர வரியையே பிடிக்காவிட்டால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஆண்டு வரி 200 டாலரைத் தொடும் என்றால் காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்டுங்கள். பல ஊர்களுக்கு ரீட்டா (RITA) என்ற பொது வரி வசூல் அமைப்பு வசூலிக்கிறது. கொலம்பஸ் தானே வசூலிக்கிறது. நியூயார்க் நிறுவனம் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்வதாக அந்த மாநிலம் கருதினால், ஒஹாயோவில் இருந்தாலும் அங்கே வரி கேட்கும். இந்தியானா, கென்டக்கி, மிச்சிகன், பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஐந்தோடும் ஒஹாயோவுக்கு உடன்பாடு உண்டு. சம்பளத்துக்கான மாநில வரி குடியிருக்கும் மாநிலத்துக்கே. நகர வரியை அந்த உடன்பாடு தொடாது.

வீடு பார்க்கும்போதே மாநில வரித்துறையின் ‘ஃபைண்டர்’ பக்கத்தில் முழு முகவரியை இட்டுப் பாருங்கள். அஞ்சல் முகவரியில் ஊர்ப் பெயர் இருப்பதால் வீடு அந்த நகர எல்லைக்குள் இருப்பதாக ஆகாது. பள்ளி மாவட்ட வருமான வரி உண்டா என்பதும் அங்கேயே தெரியும். அதற்கு நகர வரிபோல எந்தக் கழிவும் இல்லை. வரி பிடிப்பதற்காக நிறுவனத்திடம் கொடுக்கும் ஐடி-4 (IT-4) படிவத்தில் பள்ளி மாவட்ட எண்ணைச் சரியாக எழுதாவிட்டால் ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்ட நேரும். இணைய வசதியையும் முகவரி கொடுத்தே மத்திய அரசின் பிராட்பேண்ட் வரைபடத்தில் சரிபாருங்கள். தென்கிழக்கின் மலைப்பகுதி மாவட்டங்களில் அடுத்த வீட்டுக்கு வரும் கேபிள் உங்கள் வீட்டுக்கு வராமல் போகலாம்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வீட்டு முகவரியும் பணியிடம்தான். கொலம்பஸ் வட்டாரத்துக்குள் வீடு மாறினால், அங்கே வேலை தொடங்கும் நாளுக்குள் விசாவுக்காக நிறுவனம் தொழிலாளர் துறையிடம் கொடுத்த விண்ணப்பத்தின் (LCA) அறிவிப்பைப் புது வீட்டில் ஒட்டினால் பொதுவாகப் போதும். சின்சினாட்டிக்குக் குடிபெயர்வதென்றால், மாறுவதற்கு முன்பே நிறுவனம் திருத்திய விசா மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். 2015 முதல் இதுவே நடைமுறை. பெட்டி கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை இல்லாதவர்கள் வீட்டிலிருந்து என்றாலும் இந்த வேலைகளில் சேர முடியாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: வேலை தருவதாகச் சொல்பவர் மடிக்கணினி வாங்கக் காசோலை அனுப்பி, மீதியை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. கணக்கில் பணம் வந்ததாக வங்கி காட்டினாலும் சில நாள் கழித்துக் காசோலை திரும்பும். அனுப்பிய தொகை உங்கள் கடனாகும். உண்மையான நிறுவனம் கருவியையே அனுப்பி வைக்கும்.