விஷம் வெச்சுட்டாங்களோன்னு சந்தேகம் வந்தா என்ன செய்யணும்

வீட்ல நல்லா இருந்த ஆளுக்கு திடீர்னு வாந்தி, வயித்துப்போக்கு, வாய்ல நுரை, ஃபிட்ஸ்னு எதாவது வந்து, யாராச்சும் எதையாச்சும் கலந்து குடுத்துட்டாங்களோன்னு மனசுல பட்டுச்சுன்னா, யாரு பண்ணதுங்கறத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல உயிர். உடனே 108 கூப்பிடுங்க. உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, புளித்தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, வாய்ல விரல விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஆசிட் மாதிரி பொருளா இருந்தா மேல வரும்போது தொண்டைய இன்னொரு தடவ வேக வெச்சுடும், மயக்கத்துல இருந்தா நுரையீரலுக்குள்ள போயிடும், உப்புத்தண்ணியே உயிர எடுத்த கேஸ் இருக்கு. மயக்கமா இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பூச்சிமருந்து வாடை அடிச்சா துணியக் கழட்டிட்டு உடம்பக் கழுவணும், ஆனா உங்க கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க. வண்டி வர்ற வரைக்கும் டெல்லி எய்ம்ஸ்ல இருக்கற விஷத் தகவல் மையத்துக்கு 1800 116 117 நம்பர்ல பேசிக் கேக்கலாம்.

ஆஸ்பத்திரில நிறைய பேரு பண்ற ஒரு விஷயம் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல"ன்னு சொல்லிடுவாங்க. டாக்டர் அதுக்கு ஏத்த மாதிரி வைத்தியம் பாப்பாரு, மாத்து மருந்து குடுக்க வேண்டிய நேரம் போயிடும். சந்தேகம்னா சந்தேகம்னே சொல்லுங்க, என்ன சாப்பிட்டாங்க, எத்தன மணிக்கு, முதல் வாந்தி எப்போ, கூட சாப்பிட்டவங்க எப்படி இருக்காங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. போலீஸ் வர்றதுக்காக சிகிச்சைய நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு 1989லயே பரமானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஏஆர்ல, அதான் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல, நீங்க சொன்னது அப்படியே பதிவாச்சான்னு பாத்துக்கோங்க.

அடுத்தது சாட்சிப் பொருள். நம்ம வீடுகள்ல பதட்டத்துல மொதல்ல பண்றதே பினாயில் ஊத்திக் கழுவறதும் பாத்திரம் தேய்க்கறதும் தான், தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். குடிச்ச டம்ளர், மிச்ச சாப்பாடு, காலி பாட்டில், மருந்து அட்டை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும், ஃபோட்டோ எடுத்துக்கோங்க. வாந்திய கொஞ்சம் மூடி போட்ட சுத்தமான கண்ணாடி பாட்டில்ல எடுத்து தேதி, நேரம் எழுதி ஃப்ரிட்ஜ்ல தனியா வைங்க. ஈரத் துணிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா மக்கிப் போயிடும், காய வெச்சு பேப்பர் கவர்ல போடுங்க. இதெல்லாம் போலீஸ் வந்து மகஜர், அதான் சாட்சிங்க முன்னாடி எழுதற பட்டியல், போட்டு எடுக்கட்டும், நீங்களே தனியார் லேப்புக்கு கொண்டு போனா கோர்ட்ல யார் கைல இருந்துச்சுன்னு கேள்வி வரும்.

ஒரே நாள்ல விழாம கொஞ்சம் கொஞ்சமா ஆள் தேஞ்சு போறதும் உண்டு, கண்டுபிடிக்க கஷ்டமானது இது தான். இங்கிலாந்துல போவிங்டன்கற ஊர்ல 1971ல கிரஹாம் யங்னு ஒருத்தன் கூட வேலை செய்றவங்க டீயில விஷம் கலந்தான், ஆளாளுக்கு வாந்தி, முடி கொட்டறது, கால் மரத்துப் போறது, எல்லாரும் ஏதோ வைரஸ் சுத்துதுன்னே நெனச்சாங்க. ரெண்டு பேரு செத்தாங்க. அதுல ஒருத்தர எரிச்சே முடிச்சுட்டாங்க, ஆனாலும் சாம்பல்ல தாலியம்கற உலோக விஷம் கெடச்சு 1972ல அவனுக்கு ஆயுள் தண்டனை ஆச்சு. அதனால காரணம் புரியாத வாந்தியும் மரத்துப் போறதும் திரும்பத் திரும்ப வந்தா ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, யார் குடுத்தத சாப்பிட்ட பிறகு வருது, வெளியூர் போனா சரியாகுதான்னு. அந்த நோட்ட டாக்டர்கிட்ட காட்டி ரத்தம், யூரின், தலைமுடி, நகத்துல உலோக விஷ டெஸ்ட் வேணும்னு கேளுங்க. ஆனா ஆதாரம் இல்லாம வீட்ல ஒருத்தர் மேல பழி போட்டுடாதீங்க, கல்லீரல் நோய்ல இருந்து நரம்பு நோய் வரைக்கும் இதே மாதிரி தெரியும்.

ஊசிக் குத்து மாதிரி எதாவது பட்டாலும் அலட்சியம் வேணாம். 1933 நவம்பர் 26ம் தேதி ஹவுரா ஸ்டேஷன்ல பாக்கூர் ஜமீன் குடும்பத்து அமரேந்திர பாண்டேவ யாரோ ஒருத்தன் இடிச்சுட்டுப் போனான், கைல சுருக்குன்னு குத்துன மாதிரி இருந்துச்சு, கூட இருந்தவங்க டெஸ்ட் பண்ணச் சொல்லியும் அவரு ஊருக்கு கிளம்பிட்டாரு. டிசம்பர் 4ம் தேதி செத்துட்டாரு. எடுத்து வெச்சிருந்த ரத்தத்த கல்ச்சர் பண்ணப்ப, அதான் லேப்ல கிருமிய வளத்துப் பாத்தப்ப, பிளேக் கிருமி வந்துச்சு, சொத்துக்காக அண்ணன் பினயேந்திராவும் ஒரு டாக்டரும் சேந்து பண்ணதுன்னு கோர்ட்ல நிரூபணமாச்சு. அந்த ரத்தம் மட்டும் இல்லன்னா வழக்கே நின்னிருக்காது.

காப்பாத்த முடியாம போயிட்டா, சொந்தக்காரங்க சீக்கிரம் எடுக்கணும்னு அவசரப்படுத்துவாங்க, அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் உறுதியா நின்னு ஸ்டேஷன்ல புகார் குடுத்து போஸ்ட்மார்ட்டம் கேக்கணும். இப்ப பிஎன்எஸ்எஸ், அதான் புது குற்றவியல் நடைமுறைச் சட்டம், 194ம் பிரிவுல விசாரணை நடக்கும், கல்யாணம் ஆகி 7 வருஷத்துக்குள்ள இறந்த பொண்ணுன்னா ஆர்டிஓ, அதான் வருவாய் கோட்டாட்சியர், விசாரணையும் உண்டு. எந்த விஷம்னு உங்களுக்கு சந்தேகமோ அத டாக்டர்கிட்டயும் இன்ஸ்பெக்டர்கிட்டயும் எழுத்துல குடுங்க, லேப்ல எத தேடணும்னு அவங்களுக்கு தெரியணும்ல. உடலுறுப்பு ரிப்போர்ட் தடய அறிவியல் லேப்ல இருந்து வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகலாம், எஃப்ஐஆர் நம்பர பத்திரமா வெச்சுக்கிட்டு ஸ்டேஷன்ல விடாம கேட்டுட்டே இருங்க.