அலை அடங்கிய இடத்தில் இறங்காதீர்கள்

கடலூர் சில்வர் பீச்சுக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் குளிக்க இடம் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். வெள்ளையாக நுரைத்து விழும் அலையைக் கண்டு ஒதுங்குவார்கள். பக்கத்திலேயே அலை அடங்கி, கொஞ்சம் கருத்து, குளம் மாதிரி தெரியும் ஒரு பட்டை இருக்கும். பிள்ளைகளை அங்கே இறக்குவார்கள். கரையில் செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது இதுதான்.

அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரைக்குச் சற்று தள்ளி நீருக்கடியில் மணல் மேடு இருக்கும். அதில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அந்த வழியாகத் தண்ணீர் ஆறு போல வெளியே ஓடும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது, நுரையும் இருக்காது. அமைதியாகத் தெரிவதே அதனால்தான். வேகம் வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். கடல் பொங்கும் நாளில் 2 மீட்டரையும் தாண்டும். அது ஒலிம்பிக் வீரரின் நீச்சல் வேகம். ‘கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவன், எனக்கென்ன’ என்ற தைரியம் இங்கே செல்லாது. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், இது நகரும்.

இறங்குமுன் பத்து நிமிடம் மேட்டில் நின்று பாருங்கள். நுரை, இலை, குப்பை எதுவாவது கரையை விட்டு வெளியே மிதந்து போகிறதா? வரிசையாக விழும் அலையில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளியா? தண்ணீர் அங்கே மட்டும் மணல் கலங்கித் தெரிகிறதா? அதுதான் இழுப்பு. மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் போன வாரம் குளித்த இடம் இந்த வாரம் பள்ளமாகியிருக்கலாம். கல் கொட்டிய இடங்களில் மட்டும் இழுப்பு அனேகமாக நிரந்தரம். கரையோரமாக ஓடும் நீர் கல்லில் மோதி, அதை ஒட்டியே வெளியே திரும்பும். புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தின் கற்சுவரை ஒட்டியும், தந்திராயன்குப்பம் போன்ற இடங்களில் தூண்டில் வளைவுகளை (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் வரிசை) ஒட்டியும் குளிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

‘சுழல் உள்ளே இழுத்துவிட்டது’ என்று செய்தியில் எழுதுவார்கள். இந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ஆளைக் கொல்வது களைப்பு. கரை கண்ணுக்கு நேரே தெரிவதால் எதிர்நீச்சல் போடுவார். மூன்று நான்கு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சேமியுங்கள். பட்டை பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர் அகலம்தான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை விழும் இடம் வந்ததும் அலையோடு சேர்ந்து உள்ளே வரலாம். பக்கவாட்டில் நீந்தவும் தெம்பில்லை என்றால் மிதந்துகொண்டே கை தூக்கிக் காட்டுங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் இழுப்பு தளர்ந்துவிடும்.

ஒருவர் மாட்டினால் நான்கு பேர் கைகோத்து இறங்குவதும், அண்ணனைத் தூக்கத் தம்பி குதிப்பதும்தான் ஒரு சாவை மூன்றாக்குகிறது. மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி தண்ணீர் கேன் ஒரு ஆளை மிதக்க வைக்கும்; அதை வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: மூழ்குபவர் சினிமாவில் போல ‘காப்பாத்துங்க’ என்று கத்தமாட்டார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் நொடியில் மூச்சு வாங்கவே நேரம் போதாது. நின்ற நிலையில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமில்லாமல் இருப்பார். பார்ப்பவருக்கு விளையாடுவது போலிருக்கும்.

கரைக்குக் கொண்டுவந்ததும் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் இன்னும் நம் ஊரில் நிற்கவில்லை. வயிற்றை அமுக்கினால் இரைப்பையில் இருக்கும் தண்ணீரும் சாப்பாடும் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அவருக்கு அப்போது தேவை பிராணவாயு. மூச்சு இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு மார்பு நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி. அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சொறி (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் சிறுநீர் விடுவது, நல்ல தண்ணீர் ஊற்றுவது, மணல் போட்டுத் தேய்ப்பது எல்லாமே நிலைமையை மோசமாக்கும். தோலில் ஒட்டிய இழையில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொட்டும் பைகள் வெடிக்காமல் காத்திருக்கின்றன. உப்பின் அளவு மாறினாலோ உரசினாலோ அவையும் வெடிக்கும். கரையில் செத்துக் காய்ந்து கிடப்பதும் கொட்டும் என்பதால், நீலமாகப் பளபளப்பதைப் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள். கடல்நீராலேயே கழுவி, இழையைக் கிள்ளுக்கருவியால் எடுத்துவிட்டு, வெந்நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வெந்நீர் என்றால் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். அடிபடாத கை தாங்கும் சூடே அளவு. திருக்கை முள் குத்தினாலும் இதே வெந்நீர்தான், 30 முதல் 90 நிமிடம். அதன் நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். ஐஸ் வைத்தால் அந்த வேலை நடக்காது. முள் வயிற்றிலோ மார்பிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வலையில் வரும் கடல்பாம்பு விஷயத்தில் தவறு நேர்மாறானது, ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவது. துடுப்பு மாதிரி தட்டையான வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறார்கள். கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. ‘விஷம் ஏறல’ என்று வீட்டுக்குப் போனவருக்குச் சில மணி நேரத்தில் தசை முழுக்க வலி, சிறுநீர் கருஞ்சிவப்பு. வீக்கம் இல்லை என்பதை நம்பாதீர்கள்.

‘கடல் உள்வாங்கினால் சுனாமி’ என்பது 2004-க்குப் பிறகு நம் கரையில் எல்லாரும் கற்ற பாடம். பாதிதான் சரி. அலையின் பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும், முகடு முதலில் வந்தால் நேராக ஏறும். டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ரா அருகே கடலடித் தட்டு உடைந்தபோது, தாய்லாந்துப் பக்கம் பள்ளம் முந்தியது. நம் பக்கம் முகடு முந்தியது. உள்வாங்கல் பல இடங்களில் முதல் அலைக்குப் பிறகுதான். அதனால் உள்வாங்குவதை எதிர்பார்த்துக் கரையில் காத்திருப்பதும் தவறு, முதல் அலை போனதும் பொருள் எடுக்கத் திரும்புவதும் தவறு. மறுபக்கம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் சில அடி உள்ளே போவது வெறும் வற்றம். 6 மணி நேரம் கழித்துத் திரும்ப ஏறும். நம் கரையில் ஏற்ற இறக்கம் மொத்தமே ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான்.

பௌர்ணமி என்றதும் இன்னொரு வாதமும் வரும்: ‘கடலையே இழுக்கிற நிலா, உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்திருக்கிற மனிதனை இழுக்காதா?’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) உண்டாவது நிலாவின் இழுப்பால் அல்ல. பூமியின் அருகுப் பக்கத்துக்கும் தூரப் பக்கத்துக்கும் இடையே அந்த இழுப்பில் உள்ள வித்தியாசத்தால். அதனால்தான் நிலா இல்லாத பக்கத்திலும் கடல் ஏறுகிறது, நாளுக்கு இருமுறை. 6,400 கி.மீ. ஆரமுள்ள பூமியிலேயே அந்த வித்தியாசம் புவியீர்ப்பில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு. ஐந்தரை அடி உடம்பில் அதிலும் 38 லட்சத்தில் ஒரு பங்கு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஏரியான ஊசுட்டேரியிலேயே ஓதம் கண்ணுக்குத் தெரியாதபோது உடம்பில் எங்கே?

கடலிலிருந்து எழும் நிலா பெரிதாகத் தெரிவதும் கண்ணின் வேலைதான். ஒரு காகிதத்தில் பஞ்சிங் மெஷினால் துளை போடுங்கள், 6 மி.மீ. இருக்கும். கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணால் அதன் வழியே பாருங்கள். நிலா துளைக்குள் ஏறத்தாழ கச்சிதமாக அடங்கும். நள்ளிரவில் உச்சிக்கு வந்ததும் திரும்பப் பாருங்கள். அதே துளை, அதே அளவு. நுணுகி அளந்தால் உச்சி நிலாதான் ஒன்றரை சதவீதம் பெரிது.

புயலுக்கு வருவோம். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்குச் சற்று தெற்கே கரை கடந்தது. கண் பகுதி ஓர் ஊர் மேல் வரும்போது காற்று சட்டென்று நின்று, வானம்கூட வெளுக்கும். ‘விட்டுச்சு’ என்று வெளியே வந்து ஓட்டைச் சரிபார்க்கிறார்கள், விழுந்த மரத்தை வெட்டுகிறார்கள். அடுத்த பாதி எதிர்த்திசையிலிருந்து வரும். நம் கரையில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் மறுபக்கம் விழும். அமைதி சில நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து ‘வலியில் அழுகிறது’ என்பார்கள். அது கண்ணருகே உள்ள உப்புச் சுரப்பி. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. குடித்ததை ஆமை இப்படிக் கழிக்கிறது. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாகக் கழிக்க முடியாது. ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீர் போக வேண்டியிருக்கும்.

குஞ்சு பொரித்து வரும்போது ஆசையாகக் கையில் எடுத்து நேரே தண்ணீரில் விடாதீர்கள். மணலில் நடந்து, அலையை எதிர்த்து நீந்தும் அந்தச் சில நிமிடங்களில்தான் அவை போக வேண்டிய திசையைப் பிடித்துக்கொள்கின்றன. செல்போன் டார்ச்சும் வேண்டாம். வெளிச்சமான பக்கமே கடல் என்று அவை நம்பி உங்கள் பின்னால் ரோட்டுக்கு வரும். குழியில் முட்டையைக் கண்டால் கிளறாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினாலே உள்ளே இருப்பது செத்துவிடும்.