ஆலை மூடிய ஊரில் விழா எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையோ சுரங்கமோ இயங்கிய காலத்தில் ஊரின் பொழுதை வகுத்தது ஆலைச் சங்குதான். விளையாட்டுக் குழு, படிப்பகம், பேண்டு வாத்தியக் குழு, மன்றம் என மக்கள் கூடிய இடங்களுள் பலவும் நிர்வாகத்தையோ தொழிற்சங்கத்தையோ சார்ந்தே இருந்தன. ஆகவே ஆலை மூடப்பட்டபோது வேலையோடு சேர்ந்து, அண்டை வீட்டாரைச் சந்திப்பதற்கான காரணங்களும் போய்விட்டன. இத்தகைய ஊரில் விழா எடுக்க முன்வருவோர் இந்த இழப்பை முதலில் உணராவிட்டால், எவ்வளவு உழைத்தாலும் நிகழ்ச்சி ஊருக்கு அந்நியமாகவே நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கட்டடத்தைக் கொண்டாடி அதில் உழைத்தவர்களை மறப்பதாகும். புகைபோக்கியில் வண்ண விளக்குகளை ஒளிரவிடுவது எளிது. ஆனால் அதன் நிழலில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர், அன்று வெறும் பார்வையாளராகக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்க நேர்ந்தால் அந்த விழா யாருக்காக? இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் 1871-இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் பெருவிழா, அந்த நிலக்கரி வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 1993-இல் மூடப்பட்ட பின்பும் நின்றுபோகவில்லை. ஒவ்வொரு சுரங்க ஊராரும் தங்கள் பதாகையைத் தாங்களே சுமந்து, வாத்தியக் குழுவோடு நடந்து வருவதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். பழைய பதாகை நைந்துபோன ஊர்களில் மக்களே நிதி திரட்டிப் புதிய பதாகை செய்துகொண்டார்கள். நிகழ்ச்சி நிரலை முடிவுசெய்துவிட்டு ஊராரிடம் ஒப்புதல் கேட்பது போதாது. நிரல் எழுதும் மேசையிலேயே அவர்களுக்கு இடம் வேண்டும்.

மகிழ்ச்சி குலைந்துவிடும் என்று அஞ்சி, துயரத்தைப் பேசாமல் விடுவதும் தவறு. விபத்து, நுரையீரல் நோய், நெடிய வேலைநிறுத்தம், கடைசி நாளில் கேட்டைப் பூட்டிய காட்சி ஆகியவை பல வீடுகளில் இன்றும் ஆறாத நினைவுகள். டர்ஹாமில் ஏதேனும் ஓர் ஆண்டில் சுரங்கத்தில் உயிர்ப்பலி நேர்ந்திருந்தால், அச்சுரங்கத்தின் பதாகை அவ்வாண்டு ஊர்வலத்தில் கறுப்புத் துணி போர்த்தியே வந்தது. கொண்டாட்டமும் துக்கமும் ஒரே வீதியில் சேர்ந்து நடந்தன. வேலைநிறுத்தத்தில் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் இன்னும் பேசிக்கொள்ளாத ஊர்களும் உண்டு என்பதால், மேடையில் ஒரு தரப்பின் கதையை மட்டும் சொல்லிவிடாமல் இருக்க மிகுந்த கவனம் தேவை.

அதே வேளையில், விழா முன்னாள் தொழிலாளர்களின் சந்திப்பாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. வேலைநிறுத்த நாட்களில் பொதுச் சமையல் நடத்திய பெண்கள், ஆலை மூடிய பின் குறைந்த வாடகைக்காகக் குடிவந்தவர்கள், சங்கொலியையே கேட்டிராத இளைஞர்கள் ஆகிய அனைவரும் இன்று அந்த ஊர்க்காரர்களே.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எந்தச் சமரசமும் கூடாது. கைவிடப்பட்ட கூடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை, ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு, துருப்பிடித்த நடைமேடை, மூடியில்லாத குழி ஆகியவை இருக்கக்கூடும். தகுதியுள்ளவர்கள் சோதித்து எழுத்தில் ஒப்புதல் தராதவரை, ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குக்கூட எவரையும் உள்ளே விடலாகாது.

ஆலை வளாகங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பதால், போக்குவரத்தை வருவோரின் பொறுப்பில் விடுவது முதியவர்களை வீட்டிலேயே நிறுத்திவிடும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் 2001-இல் தொடங்கிய ‘எக்ஸ்ட்ராஷிக்ட்’ என்னும், பழைய ஆலை, சுரங்க வளாகங்களில் நடக்கும் தொழிற்பண்பாட்டு இரவு விழாவுக்கான நுழைவுச்சீட்டிலேயே பேருந்துப் பயணமும் அடங்கியிருப்பது பின்பற்றத்தக்க ஏற்பாடு. அறிவிப்பையும் கைபேசியோடு நிறுத்தாமல் கடைச் சுவருக்கும் மருந்தகத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

கிடைத்த மானியம் முழுவதையும் ஒரே பெருநாளில் செலவழிப்பதும் பரவலாகக் காணப்படும் தவறாகும். அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு வாரந்தோறும் பழுதுபார்க்கும் பட்டறை, சேர்ந்திசைப் பயிற்சி, பழைய ஷிப்ட் பாதையில் நடைப்பயணம் ஆகியவற்றை நடத்தினால், மானியம் நின்ற பிறகும் கூடும் பழக்கம் எஞ்சியிருக்கும். அதற்கு மன்றத்தின் சாவி ஒரே ஆர்வலரிடம் இருக்கக் கூடாது. அவர் நோயுற்றாலோ ஊர் மாறினாலோ கதவைத் திறக்க வேறு இருவராவது முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.