முதல் வெளிநாட்டுப் பயணம்: பேக்கேஜில் போவதா, நாமே போய் வருவதா?

வெளிநாடு போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே இரண்டு கட்சி உருவாகிவிடும். "டூர் கம்பெனியில் பணத்தைக் கட்டிவிட்டால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்பது ஒரு கட்சி. "போனில் மேப் இருக்கிறது, நாமே போய் வந்துவிடலாம்" என்பது இன்னொன்று. இரண்டு பேருமே முழுப் பயணத்தையும் ஒன்றாகச் சேர்த்து முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். அப்படி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

டூர் கம்பெனி நமக்குச் செய்துதருவது மூன்று வேலை. விசா, டிக்கெட், ஹோட்டல் என்று காகித வேலை ஒன்று. போன ஊரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கூட்டிப்போவது இரண்டாவது. பார்க்கிற இடத்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாகவும் வாங்கலாம். எது உங்களுக்குத் தேவை என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள். நம் ஊரிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்கள் அதிகம் யோசிக்கிற சிங்கப்பூர், மலேசியாவையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வையுங்கள்

காலாவதித் தேதியைப் பாருங்கள். நாம் அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று சிங்கப்பூர், மலேசியா உட்படப் பல நாடுகள் கேட்கின்றன. குறைவாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் வேறு வரிசை என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். விமான டிக்கெட்டும் விசா விண்ணப்பமும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வருவதற்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துபாய் போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

படி 2: போகிற நாட்டுக்கு அந்த மூன்று வேலையும் எவ்வளவு கஷ்டம்?

சிங்கப்பூரில் காகித வேலைக்கு ஓர் ஏஜென்ட் தேவைதான். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் விண்ணப்பிக்காத பட்சத்தில், இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து வாங்குவார். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. ஆனால் விசாவுக்கு ஏஜென்டிடம் போவதால் முழு பேக்கேஜையும் அவரிடமே எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "விசா மட்டும் போதும்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கூட்டிப்போகும் வேலை சிங்கப்பூரில் கிட்டத்தட்ட தேவையே இல்லை. சாங்கி விமான நிலையத்தின் உள்ளேயே எம்.ஆர்.டி. ரயில் நிலையம் இருக்கிறது. டிக்கெட் எடுக்கக்கூட வேண்டாம். கான்டாக்ட்லெஸ் வசதி உள்ள விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு வங்கி கார்டை வாசலில் தட்டிவிட்டு உள்ளே போகலாம். வெளிநாட்டு கார்டு என்றால் சின்னதாக ஒரு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளில் தமிழும் உண்டு. லிட்டில் இந்தியாவில் இறங்கினால் தேக்கா சென்டரில் சாப்பாடு, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில், கொஞ்ச தூரத்தில் முஸ்தபா சென்டர், எல்லாம் நடக்கிற தூரம்தான். கார்டன்ஸ் பை த பேயில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் விளக்குக் காட்சி இலவசம். அதைப் பார்க்க பஸ்ஸும் வழிகாட்டியும் எதற்கு?

மலேசியாவில் காகித வேலை இன்னும் சுலபம். இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இதுபோன்ற சலுகைகள் மாறக்கூடியவை, ஆகவே டிக்கெட் போடும் முன் மலேசிய அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேக்கேஜ்களில் அரை நாள் டூர் என்று விற்கப்படும் பத்துமலைக்கு, கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலே போகிறது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைத் தாண்டி 272 படி ஏற வேண்டும். காலையில் வெயிலுக்கு முன் போய் நிதானமாக ஏறலாம். "முக்கால் மணி நேரத்தில் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள்" என்று யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. கம்போடியாவின் அங்கோர் வாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஹோட்டல் பிடிப்பதும் கோவிலுக்குப் போக டுக்டுக் பேசுவதும் எளிது. விளக்குகிறவர் இல்லாமல் போனால்தான் இழப்பு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய கோவில் அது. கிழக்குப் பக்கத்து நடைச்சுவரில் பாற்கடல் கடையும் காட்சியை ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் நிற்பது யார், அசுரர் பக்கம் எது என்று சொல்ல ஆள் இருந்தால் அந்தச் சுவரின் முன்னாலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டிகளை நாள் கணக்கில் அமர்த்திக்கொள்ளலாம். முழு பேக்கேஜ் எடுக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பணம் கொடுப்பதுதான் என் பார்வையில் மிகச் சிறந்த செலவு.

ஐரோப்பா என்றால் காகித வேலைதான் மலை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் ஷெங்கன் விசாவுக்கு நேரில் போய்க் கைரேகை, பயணத் திட்டம், தங்கும் இட ஆதாரம், வங்கி அறிக்கை, குறைந்தது 30,000 யூரோ காப்பீடு என்று ஒரு கட்டு சேர்க்க வேண்டும். அதோடு நாலைந்து நாடு, மொழி தெரியாத ரயில் மாற்றங்கள். முதல் பயணமே இதுதான் என்றால் குழுவோடு போவதில் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: விசா கொடுப்பது தூதரகம். "விசா கேரண்டி" என்று சொல்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

படி 3: கூட வருகிறவர்கள் யார்?

அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா மட்டும் போகிறார்கள், ஆங்கிலம் பேசத் தயங்குவார்கள் என்றால், தமிழ் பேசும் டூர் மேனேஜர் வரும் குழுப் பயணம் நல்லது. அவர்களுக்கு இமிக்ரேஷன் வரிசையில் யாராவது பக்கத்தில் நிற்பதே பெரிய ஆறுதல். ஆனால் முட்டி வலி இருந்தால் ஒரு நாளில் எத்தனை இடம், எத்தனை மணிக்கு எழுப்புவார்கள் என்று கேளுங்கள். காலை ஏழு மணிக்கு லாபிக்கு வா என்பது அஞ்சு நாள் தொடர்ந்தால் பெரியவர்களுக்குத் தாங்காது.

கைக்குழந்தையோடு போகிறீர்களா? அப்படியானால் குழுப் பயணம் வேண்டாம் என்பேன். குழந்தை தூங்கும் நேரத்துக்கும் பஸ் கிளம்பும் நேரத்துக்கும் ஒத்துப்போகாது. நண்பர்கள் கூட்டமாகவோ கணவன் மனைவியாகவோ போகிறவர்கள் சிங்கப்பூர், மலேசியாவுக்கு யோசிக்காமல் தாங்களே போகலாம்.

படி 4: பேக்கேஜ் தாளை வரி வரியாகப் படியுங்கள்

நாமே போவது என்று ஏறக்குறைய முடிவெடுத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் பயணத் திட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கெங்கே போகலாம் என்ற வரிசை அதிலேயே கிடைத்துவிடும்.

தாளில் வரும் சொற்களில் கவனம் வேண்டும். "பனோரமிக் வியூ", "போட்டோ ஸ்டாப்", "ஓரியன்டேஷன் டூர்" என்றால் பெரும்பாலும் வெளியே நின்று பார்ப்பதோ பஸ்ஸில் கடந்து போவதோதான். உள்ளே போக டிக்கெட் அதில் இருக்காது. உள்ளே போகிறோமா என்று ஒவ்வோர் இடத்துக்கும் கேட்டு, பதிலை வாட்ஸ்ஆப்பிலோ மெயிலிலோ வாங்கி வையுங்கள். ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தால் அந்தப் பெயரை நம்பி மயங்க வேண்டாம். எந்தப் பகுதி, பக்கத்தில் எந்த ரயில் நிலையம் என்று கேளுங்கள்.

நாள் கணக்கையும் பாருங்கள். ஐந்து பகல் நான்கு இரவு என்று போட்டிருக்கும். முதல் நாள் மாலையில் இறங்கி, கடைசி நாள் காலையில் விமானம் ஏறினால் உங்கள் கைக்கு வருவது மூன்று பகல்தான். அதில் ஒரு பகலைச் சாக்லேட் கடையும் நகைக் கடையும் தின்றுவிடுமா என்றும் பாருங்கள்.

விலை "ட்வின் ஷேரிங்", அதாவது இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் அடிப்படையில் ஒருவருக்கு என்று இருக்கும். தனி ஆளாகப் போனால் அறைக்குக் கூடுதல் தொகை கட்ட வேண்டும். விசா, டிப்ஸ், மதிய உணவு, ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். எல்லாம் சேர்ந்ததா சேராததா? வெளிநாட்டு பேக்கேஜுக்குக் கம்பெனி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கிறது. அதன் விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், ஆகவே அதற்கான சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். போதிய ஆள் சேராவிட்டால் பயணம் ரத்தாகுமா, நாம் ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

படி 5: ஒரே தாளில் இரண்டு கணக்கு

நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் பேக்கேஜ் விலை, அதில் சேராதவை. வலப்பக்கம் நாமே போனால் ஆகும் செலவு: விமானம், விசா, ஹோட்டல், ரயில், நுழைவுச் சீட்டு, சாப்பாடு, காப்பீடு, கார்டு மாற்றுக் கட்டணம். நம் ஊர் வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்குப் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம்வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். அதனால் வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைத்துக்கொள்ளும் ஃபாரக்ஸ் கார்டையும் விசாரியுங்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டு ஊரும் போவதாக இருந்தால் ஒரு ஊரில் இறங்கி இன்னோர் ஊரிலிருந்து திரும்புங்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு. மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழையும் சிக்கல் இருக்காது. நடுவே பஸ்ஸில் எல்லை கடந்தால் பெட்டியோடு இறங்கி இரண்டு இடத்தில் இமிக்ரேஷன் வரிசையில் நிற்க வேண்டும். வார இறுதியில், சிங்கப்பூர் பக்கத்து எல்லைச் சாவடியான உட்லண்ட்ஸ் வழியில் கூட்டம் அதிகம்.

பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து மூன்றாவது வழி ஒன்று தானாகத் தெரியவரும்: விசா ஏஜென்டிடம், ஹோட்டலும் ரயிலும் நம் கையில், ஏதாவது ஒரு நாள் மட்டும் உள்ளூர் டூர். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

படி 6: உள்ளூரில் ஓர் ஒத்திகை

இன்னும் பயம் இருந்தால், சொந்தக்காரர் இல்லாத ஒரு நகரத்துக்கு இரண்டு நாள் போய் வாருங்கள். பெங்களூரோ கொச்சியோ போதும். ஹோட்டலை நீங்களே புக் செய்து, மெட்ரோவில் மட்டும் சுற்றி, மேப்பைப் பார்த்தே சாப்பாட்டுக் கடை கண்டுபிடியுங்கள். அது பிடித்திருந்தால் சிங்கப்பூரும் பிடிக்கும். இரண்டாம் நாளே எரிச்சலாக இருந்தால் பேக்கேஜ் எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் விடுமுறை உங்களுக்கு ஓய்வாக இருக்க வேண்டும்.

படி 7: பணம் கட்டும் வரிசை, கிளம்பும் முன் வேலைகள்

இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல், பிறகு விமானம், பிறகு விசா, அப்புறம்தான் திரும்ப வராத நுழைவுச் சீட்டுகள். சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி. என்ற வருகைப் படிவங்கள் இரண்டையும் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கிற தளத்தில் இருக்கிறீர்கள் என்றால் அது அரசுத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.

வங்கி ஆப்பில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை இயக்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிக்குப் பிறகு வரும் புதுக் கார்டுகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஓ.டி.பி. வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் வேலை செய்ய வேண்டும். இரண்டு நாட்டிலும் பிளக் பிரிட்டிஷ் மாதிரி மூன்று சதுர முள், அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

சாப்பாட்டுப் பொடி கட்டிக்கொண்டு போகும் வழக்கம் இருந்தால் கசகசா கட்டாயம் வேண்டாம். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். சூயிங்கமும் மின் சிகரெட்டும் அப்படியே. பேக்கேஜில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். டூர் மேனேஜர் பக்கத்தில் இருந்தாலும் பெட்டிக்குப் பொறுப்பு அதன் சொந்தக்காரர்தான்.

கடைசியாக, பாஸ்போர்ட், விசா, காப்பீடு, ஹோட்டல் முகவரி ஆகியவற்றின் நகல் ஒரு செட் காகிதமாகவும் ஒரு செட் போனிலும் இருக்கட்டும், இன்னொரு செட்டை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். காகிதத்தின் மேலே அவசர எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சிங்கப்பூரில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995, மலேசியாவில் இரண்டுக்கும் 999.